தட்டில் ஏந்திய கண்கள்

ஒரு கரத்தில் குருத்தோலையும், மறு கரத்தில் இரு கண்கள் வைத்த தட்டும் ஏந்தி நிற்கும் கன்னிகையின் சுரூபத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அவள் புனித லூசியாள். கண்டியிலிருந்து ரயிலேறிக் கொழும்புக்குப் போகிறவர்கள் கொட்டாஞ்சேனையில் காணும் பெரிய கோவில், நம் கண்டி மறைமாவட்டமும் அடங்கிய கொழும்பு மறைமாநிலத்தின் தலைமைப் பேராலயம், அவளுடைய திருநாமத்தையே தாங்கி நிற்கிறது.

சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரில் பிறந்து, தன் செல்வத்தையெல்லாம் ஏழைகளுக்கு வழங்கிவிட்டுக் கன்னி விரதம் பூண்ட லூசியாள், தியோக்கிளேசியன் சக்கரவர்த்தி கிறிஸ்தவர்களை வதைத்த காலத்தில், விவாகத்துக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவனே காட்டிக் கொடுக்க, வேதசாட்சியாக உயிர் துறந்தாள் என்பது பரம்பரையாக வரும் சரித்திரம். அப்படியானால் அந்தக் கண்கள்? பிடுங்கப்பட்டவை என்று பலரும் சொல்வார்கள். ஆனால், ஆச்சரியம் என்னவென்றால், மிகப் பழைய சரித்திரத்தில் அந்தச் செய்தியே கிடையாது!

இத்தாலியின் ராவென்னா நகரத்து ஆலயச் சுவரில், ஆறாம் நூற்றாண்டிலே வண்ணச் சில்லுகளைப் பதித்துச் சித்திரித்த கன்னியர் வரிசையில் லூசியாளும் நடந்து வருகிறாள். அங்கே அவள் ஏந்தி வருவது ஒரு கிரீடத்தையே. கண்களும் தட்டும் பிற்காலத்துப் பக்தி சேர்த்த ஆபரணங்கள். ஆயினும், கண்நோயால் வருந்துவோர் இன்றும் அவளையே நாடி மன்றாடுகிறார்கள். அவளுடைய திருநாள், டிசம்பர் 13.