மயில் கழுத்துப் பட்டும் ஊடைச் சாயமும்

காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் முதலிய ஊர்களில் நெய்யப்படும் பட்டுச் சேலைகளுள் மயில் கழுத்து நிறம் என்று பெயர் பெற்றது ஒன்றுண்டு. அதனை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால் நீலமாகவும், மறு பக்கமாகச் சாய்த்தால் பச்சையாகவும் காணும். இது சாயத்தின் வித்தை என்று அங்கத்தினரிற் பலர் எண்ணுகின்றனர். அங்ஙனமன்று. பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம், அவ்வளவே.

நெசவுக்கு முன் கச்சாப் பட்டைச் சோப்பு நீரிற் காய்ச்சி, அதன் மேலுள்ள பசையைப் போக்குவார்கள். இதனால் எடையில் ஏறக்குறையக் காற்பங்கு குறையும். ஆனால் பளபளப்பு வருவது இதன் பின்னரே. பட்டிழை உருண்டையாயிராமல் ஏறக்குறைய முக்கோண வடிவாயிருத்தலால், அதன் பக்கங்கள் ஒளியைக் கண்ணாடி போல் திருப்பி விடுகின்றன. பாவிழை நீளவாட்டிலும் ஊடையிழை குறுக்கேயும் கிடப்பதால், பார்க்கும் கோணத்திற்கேற்ப ஒரு சமயம் ஒன்றும், மறு சமயம் மற்றொன்றும் மிகுந்து மின்னும். (மயிலின் கழுத்து நிறமோ இறகின் நுண்ணிய அமைப்பினால் உண்டாவது. பெயர்தான் ஒன்று.)

மடிப்பு மிகுந்த உடைகளிலேயே இத்துணி சோபிக்கும். சேலையின் கொசுவத்திலும், சிறுமியரின் பட்டுப் பாவாடையிலும் ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு நிறமாய் நிற்கும். இறுகத் தைத்த ரவிக்கையில் அவ்வளவு எடுக்காது.

சங்கங்களுக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. ஒரே பாவில் மூன்று சேலை நெய்வது பல இடங்களில் வழக்கம். சிவப்புப் பாவில் நீல ஊடை ஓட்டினால் ஊதாச் சாயலும், மஞ்சள் ஊடை ஓட்டினால் கிச்சிலிப் பழச் சாயலும் கிடைக்கும். ஊடையை மாற்றுவதனாலேயே சேலைகள் வேறு வேறாகின்றன. பச்சை ஊடையை மட்டும் யோசித்துப் போட வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் மின்னினாலும், எட்ட நின்று பார்ப்போருக்குப் பழுப்பாய்த் தோன்றக்கூடும். அன்றியும், முந்தானை கலப்பில்லாத பச்சையாக வேண்டுமானால் ஊடையை மாற்றினால் போதாது. அவ்விடத்தில் பாவையும் மாற்றி இணைக்க வேண்டும். அதற்குரிய கூலி வேறு.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தேன். இரண்டு சேலைகளின் உடலில் குறுக்கே பட்டை விழுந்திருந்தது. பதிவேட்டில் ‘நெசவுக் குற்றம்’ என்றெழுதி, நெய்தவரின் கூலியிற் பிடித்தம் செய்திருந்தார்கள். அவர் எதிர்த்துப் பேசவில்லை. பேசிப் பயனில்லை என்று நினைத்திருப்பார் போலும். பட்டையின் இரு புறத்திலும் இழைகளை உருவி, வெயிலில் வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். பாவிழை ஒன்றாகவே இருந்தது. ஊடையிழை மட்டும் ஒரு புறம் சற்றுக் கறுத்திருந்தது. முதல் முறை தோய்த்த நூல் தீர்ந்தபின், மறு முறை தோய்த்த கழிகளைக் குறிப்பு ஏதுமின்றிக் கொடுத்திருக்கிறார்கள். தறியின் மேல் ஒரு தவறும் இல்லை.

ஒற்றை நிறத் துணியில் கண்ணுக்குத் தப்பக்கூடிய இச்சிறு வேறுபாடு, இரட்டை நிறத்தில் சாய்த்தவுடன் வெளிப்பட்டுவிடும். ஆதலால் ஒரு சேலைக்கு வேண்டிய ஊடை முழுவதையும் ஒரே தோய்ப்பில் எடுத்து, எடை போட்டு, கழிகளில் தோய்ப்பு எண் கட்டிக் கொடுத்தல் அவசியம். நூல் குறைந்தால், நெய்பவர் வேறு தோய்ப்பின் தாரை நாடாவிலிடுமுன் தறியை நிறுத்திச் சங்கத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தோய்ப்பு எண்ணில்லாத நூலை வாங்க மறுப்பதற்கும் அவருக்கு உரிமை உண்டு.

அச்சங்கத்தின் நிர்வாகக் குழு, பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. நூல் வழங்கும் பதிவேட்டில் தோய்ப்பு எண்ணுக்கென ஒரு பத்தியும் அன்றே கோடிடப்பட்டது.