கைக்காசு போனுக்கு, கடன் கார்டுக்கு

டெபிட் கார்டைத் தேய்த்தால் வங்கிக் கணக்கில் இருக்கும் பணம் அந்த நொடியே குறையும். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் வங்கி தன் பணத்தைக் கடைக்குக் கொடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை பில் போட்டு வசூலித்துக்கொள்ளும். முதலாவது கைக்காசு, இரண்டாவது கடன். கடையில் இரண்டுக்கும் ஒரே மெஷின்தான். ஆனால் சில ஆண்டுகளாக இந்தியாவில் இவற்றின் கணக்கு எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கைகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2020–21-ல் கடைகளிலும் இணையத்திலும் டெபிட் கார்டில் செலவான தொகை 6.61 லட்சம் கோடி ரூபாய், கிரெடிட் கார்டில் 6.30 லட்சம் கோடி. கிட்டத்தட்ட சமம். மூன்றே ஆண்டுகளில், 2023–24-ல், கிரெடிட் கார்டு செலவு 18.31 லட்சம் கோடியாக உயர்ந்தது. டெபிட் கார்டு செலவோ 5.93 லட்சம் கோடியாக இறங்கியது. பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையில் வீழ்ச்சி இன்னும் கூர்மையானது. டெபிட் கார்டை ஆண்டுக்கு 401 கோடி முறை தேய்த்த நாடு, 229 கோடி முறைதான் தேய்த்தது. இத்தனைக்கும் மக்கள் கையில் 90 கோடிக்கு மேல் டெபிட் கார்டுகள் இருந்தன. கிரெடிட் கார்டுகள் சுமார் 10 கோடிதான்.

டெபிட் கார்டு ஏன் சரிந்தது?

2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் கணக்குத் திறந்த கோடிக்கணக்கானோருக்கு ரூபே டெபிட் கார்டு கிடைத்தது. 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, சின்னக் கடைகள்கூட ஸ்வைப் மெஷின் தேடி அலைந்தன. டெபிட் கார்டின் காலம் பிறந்துவிட்டது போலிருந்தது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில்தான், வங்கிக் கணக்கிலிருந்து போன் வழியே நேரடியாகப் பணம் செலுத்தும் யுபிஐ அறிமுகமாகியிருந்தது.

டெபிட் கார்டும் யுபிஐயும் கைவைப்பது ஒரே வங்கிக் கணக்கில்தான். வேறுபாடு கடைக்காரரின் பக்கம். மெஷினுக்கு வாடகை உண்டு, சார்ஜ் வேண்டும், சிக்னல் வேண்டும். க்யூஆர் கோடுக்கு ஓர் அட்டை போதும். டீக்கடை டப்பாவிலும் ஒட்டலாம், தள்ளுவண்டியிலும் தொங்கவிடலாம். கார்டில் வரும் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு பங்கை வங்கிகள் கட்டணமாகப் பிடித்துக்கொள்ளும். யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் இந்தக் கட்டணம் 2020 ஜனவரி 1 முதல் அறவே நீக்கப்பட்டது.

ஆகவே சில்லறைச் செலவுகள் முதலில் போனுக்கு மாறின. பெரிய செலவுகள் மட்டும் டெபிட் கார்டில் மிஞ்சியதால், ஒருமுறை தேய்க்கும் சராசரித் தொகை 2020–21-ல் இருந்த சுமார் 1,650 ரூபாயிலிருந்து மூன்று ஆண்டுகளில் சுமார் 2,600 ரூபாயானது. தமிழ்நாட்டில் பலரும் டெபிட் கார்டை ‘ஏடிஎம் கார்டு’ என்றே சொல்வார்கள். இன்று அந்தப் பெயர்தான் பொருத்தம்: 2023–24-ல் ஏடிஎம்களில் எடுக்கப்பட்ட பணம் 30 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. கடைகளிலும் இணையத்திலும் டெபிட் கார்டில் செலவானதைப் போல் இது ஐந்து மடங்குக்கு மேல்.

கிரெடிட் கார்டு ஏன் வளர்ந்தது?

கணக்கில் இல்லாத பணத்தை யுபிஐ தராது. கிரெடிட் கார்டு தரும். பொருள் வாங்கிய நாளிலிருந்து பில் கட்ட வேண்டிய நாள் வரை ஏறக்குறைய 45 முதல் 50 நாள் வரை வட்டியில்லா அவகாசம் கிடைக்கும். ரிவார்டு பாயின்ட், கேஷ்பேக், மாதத் தவணை எல்லாம் கூடவே வரும். பண்டிகைக் கால இணையத் தள்ளுபடிகளில் ‘இந்த வங்கியின் கார்டுக்குப் பத்து சதவீதம்’ என்ற அறிவிப்பே பலரைக் கார்டு வாங்க வைக்கிறது. கிரெடிட் கார்டுச் செலவில் அறுபது சதவீதத்துக்கு மேல் இணையவழியில்தான் நடக்கிறது. 2024-ல் தீபாவளி வந்த அக்டோபர் மாதத்தில் மட்டும் செலவு 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது.

கடைக்காரருக்கு இது அவ்வளவு இனிப்பில்லை. கட்டணம் இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10,000 ரூபாய் விற்பனையில் 200 ரூபாய் போய்விடும். லாபம் குறைந்த கடைகளில் “கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் கூட ஆகும்” என்று கேட்பதன் காரணம் இதுதான்.

2022 செப்டம்பரில் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயுடன் இணைக்கும் வசதி வந்தது. அதன் பிறகு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தும் கடனில் வாங்க முடிகிறது. விளைவு 2024–25 கணக்கில் தெரிகிறது. கிரெடிட் கார்டு பரிவர்த்தனைகள் 356 கோடியிலிருந்து 477 கோடியாகக் கூடின. ஆனால் சராசரித் தொகை சுமார் 5,100 ரூபாயிலிருந்து சுமார் 4,400 ஆகக் குறைந்தது. பெரிய சாமான்களுக்கென்று எடுத்துவைத்த கார்டு மளிகைக்கும் மருந்துக்கும் வெளியே வரத் தொடங்கியிருக்கிறது.

பில்லில் இருக்கும் கண்ணி

பில்லில் இரண்டு தொகைகள் அச்சாகியிருக்கும்: மொத்த பாக்கி, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது. பாக்கி 20,000 ரூபாய் என்றால் குறைந்தபட்சம் பெரும்பாலும் 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய். அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, வட்டி ஓடும். மாதம் 3.5 சதவீதம் என்றால் மீதி 19,000-க்கு 665 ரூபாய் வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 120 ரூபாய். கட்டிய ஆயிரத்தில் முக்கால் பங்குக்கு மேல் இப்படியே கரைந்துவிடும். அத்துடன் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா அவகாசமும் கிடைக்காது. மாதக் கணக்கில் சிறிதாகத் தெரியும் இந்த வட்டி, ஆண்டுக்கு 42 சதவீதம். இத்தகைய வட்டிக்கு 30 சதவீத உச்சவரம்பு விதித்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008-ஆம் ஆண்டு உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்தது.

ஈடில்லாக் கடன் வேகமாகப் பெருகுவதைக் கண்ட ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் கடிவாளம் போட்டது. கிரெடிட் கார்டு கடனுக்கு வங்கிகள் முன்பைவிட அதிக மூலதனம் ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. வங்கிகளும் புதுக் கார்டு கொடுப்பதில் கையைச் சுருக்கின. 2024 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் 19 சதவீதம் கூடிய கார்டுகளின் எண்ணிக்கை, அடுத்த ஆண்டில் 8 சதவீதமே கூடியது. ஆனால் அதே ஆண்டில் செலவு 16 சதவீதம் ஏறி 21 லட்சம் கோடியைத் தாண்டியது. கார்டு வாங்குவோரின் வேகம் தணிந்தது. ஏற்கெனவே வைத்திருப்போரின் செலவு தணியவில்லை.