பழைய மடிக்கணினிகள்

நாம் கையாளும் கருவிகளுக்கு முதுமை இரு வகையில் வருகின்றது. தேய்ந்து பயனற்றுப் போவதால் வரும் முதுமை ஒன்று. புதியது ஒன்று கடைக்கு வந்துவிட்ட காரணத்தால் நாமே அதன்மேல் ஏற்றிவைக்கும் முதுமை மற்றொன்று. அம்மியும் உரலும் தேயும்வரை உழைக்கின்றன. கணினிகளோ பெரும்பாலும் இரண்டாம் வகை முதுமைக்கே இரையாகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஒரு மடிக்கணினி, மின்கலம் இட்டவுடன் விழித்தெழுந்து, அன்று செய்த பணியை இன்றும் குறைவறச் செய்யுமாயின், அதனைக் குப்பை என்று ஒதுக்குதல் தகுமா? இவ்வினாவையே இன்று நாம் ஆராய இருக்கின்றோம்.

கையில் எடுத்துச் செல்லத்தக்க கணினி வேண்டும் என்னும் எண்ணம் மிகப் புதியதன்று. அமெரிக்க அறிஞர் ஆலன் கே 1972 ஆம் ஆண்டிலேயே, சிறுவரும் ஏந்திப் படிக்கக்கூடிய ஏடு போன்ற கணினி ஒன்றைக் கட்டுரையாக வரைந்து காட்டினார். ஆனால் எண்ணம் உருப்பெறக் காலம் பிடித்தது. 1981 இல் ஆடம் ஆஸ்போர்ன் என்பார் வெளியிட்ட ‘ஆஸ்போர்ன் 1’, கைப்பிடியுள்ள பெட்டி வடிவினது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையோ 5 அங்குலமே. மின் இணைப்பு உள்ள இடத்தில்தான் அது இயங்கும். தூக்கிச் செல்லலாமேயன்றி மடியில் வைத்தல் அரிது. இந்த ஆஸ்போர்ன் நமக்கு முற்றிலும் அயலவர் அல்லர். இளமையில் திருவண்ணாமலையில் வாழ்ந்தவர்; 2003 ஆம் ஆண்டு கொடைக்கானலில் மறைந்தவர்.

அடுத்த ஆண்டில், அஃதாவது 1982 இல், ‘கிரிட் காம்பஸ்’ வந்தது. திரையைக் கீல் அமைத்து விசைப்பலகையின்மேல் மூடும் வடிவத்தை அதற்கு வகுத்தவர் பில் மாக்ரிட்ஜ் என்னும் வடிவமைப்பாளர். விண்வெளி ஓடத்திலும் அது பயணம் செய்தது. ஆயின் அதன் விலை 8,000 டாலருக்கும் மேற்பட்டது, எளியோர்க்கு எட்டாதது.

எழுதுவோர் பலரும் வாங்கக்கூடியதாய் வந்த மடிக்கணினி, 1983 இல் வெளியான ‘டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100’ ஆகும். ஜப்பானின் கியோசெரா நிறுவனம் அதனைச் செய்தது; அமெரிக்காவில் டாண்டி நிறுவனம் தன் ரேடியோ ஷாக் கடைகளில் விற்றது. தொடக்க விலை 1,099 டாலர். எடை சுமார் 1.4 கிலோ. பெரிய கணக்கேடு ஒன்றின் அளவே உடையது. அதில் நிலையாகப் பதிந்துள்ள கட்டளைத் தொகுதியின் பெரும்பகுதியைச் சுசுகி என்னும் ஜப்பானியத் தோழருடன் சேர்ந்து எழுதியவர் பில் கேட்ஸ்.

இக்கருவியில் வியக்கத்தக்கது அதன் சிக்கனம். சுவர்க்கடிகாரத்தில் இடுவது போன்ற நான்கு சிறு மின்கலங்களைக் கொண்டு ஏறத்தாழ 20 மணி நேரம் அது உழைக்கும். இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அதன் திரைக்குப் பின்னே விளக்கு இல்லை. அறையின் ஒளியையோ கதிரவன் ஒளியையோ வாங்கித் திருப்பிக் காட்டுவதே அத்திரையின் இயல்பு. இரண்டாவது, அதனுள் சுழலும் தட்டோ விசிறியோ இல்லை. மூன்றாவது, அதன் செயலி மிகக் குறைந்த மின்சாரத்தை உண்ணும் வகையினது. நொடிக்கு ஏறத்தாழ 24 இலட்சம் துடிப்புகளே அதன் வேகம். இன்றைய கணினிகளின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது நத்தையின் நடை. ஆயினும் மனிதன் விரலால் தட்டும் வேகத்திற்கு அந்நடையே போதுமானதாய் இருக்கின்றது.

திரையில் வரிக்கு 40 எழுத்தாக 8 வரிகள் தெரியும். விசைகளோ முழு அளவுடையவை. பொத்தானை அழுத்தியதும் எழுதிய பகுதி விட்ட இடத்திலேயே காத்திருக்கும். தொடங்கக் காத்திருத்தல் என்பது இல்லை. எழுதும் நினைவகமே சேமிப்பகமாகவும் இருப்பதால், தனியே சேமித்தல் என்னும் வேலையும் இல்லை. தொலைபேசி வழியே எழுத்துகளை அனுப்பும் உறுப்பும் உள்ளேயே அமைந்திருந்தது. நொடிக்கு 30 எழுத்துகள் அதன் வழியே செல்லும். 5,000 எழுத்துகள் கொண்ட ஒரு செய்திக் கட்டுரை மூன்று நிமிடத்திற்குள் அலுவலகம் சேர்ந்துவிடும். வெளியூர் சென்ற பத்திரிகை நிருபர்கள் இதனைப் பெரிதும் விரும்பிக் கையாண்டதில் வியப்பில்லை.

குறைகளையும் கூறுதல் வேண்டும். படங்களையோ பாட்டையோ இதில் எதிர்பார்த்தல் கூடாது. தமிழ் எழுத்துகள் இதில் இல்லை. நினைவகத்தை 32 கிலோபைட் வரை பெருக்கினாலும், 5,000 ஆங்கிலச் சொற்களுக்கு மேல் அதில் அடங்கா. ஆண்டினைக் காட்டுமிடத்தில் 19 என்னும் இலக்கங்கள் நிலையாய் நிற்பதால், இந்நூற்றாண்டு பிறந்ததையே அது அறியாது.

எனினும், இன்றும் சிலர் இதனைத் தேடி வாங்கிப் பயன்படுத்துவது ஏன்? வெறும் பழமைப் பற்று மட்டும் அதற்குக் காரணமன்று. எழுதுபவனை எழுத்திலிருந்து இழுத்துச் செல்லும் எதுவும் அதில் இல்லை. செய்தி வந்து கதவைத் தட்டுவதில்லை. விளம்பரம் வந்து குறுக்கே நிற்பதில்லை. எட்டே வரிகள் கண்முன் இருப்பதால், எழுதுபவன் அடுத்த வாக்கியத்தை எண்ணுகின்றானேயன்றி, எழுதி முடித்த பக்கங்களை மீண்டும் மீண்டும் அலசிக் கொண்டிருப்பதில்லை. எழுதியதைப் புதிய கணினிக்கு மாற்றுவதும் எளிதே. அதன் பின்புறமுள்ள தொடர்நிலை இணைப்பில் தக்க கம்பியைப் பொருத்தி, இக்காலக் கணினிக்கேற்ற மாற்றியொன்றின் வழியே அனுப்பலாம். இரு பக்கமும் ஒரே வேகத்தில் அமைதல் வேண்டும் என்பதே விதி.

இப்பழங்கருவிகளைப் போற்றுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம் கையிலுள்ள புதிய மடிக்கணினியின் வடிவம் எங்கிருந்து வந்தது என்பதை அவையே கூறுகின்றன. மூடித் திறக்கும் கீல் 1982 இன் கிரிட் தந்த கொடை. விசைப்பலகையைத் திரைப்பக்கம் தள்ளிவைத்து, முன்னே உள்ளங்கை தங்க இடம்விட்டது ஆப்பிள் நிறுவனத்தின் 1991 ஆம் ஆண்டுப் ‘பவர்புக்’. இன்று நாம் இயல்பென்று கருதும் அமைப்பு, அன்று ஒருவர் சிந்தித்துக் கண்ட முடிவாகும்.

இனி, மிகவும் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாடல் 100 இன் நினைவகம் மின்சாரம் உள்ளவரையே எழுத்தைக் காக்கும். மின்கலங்களை மாற்றும் வேளையிலும் எழுதியது அழியாதிருக்க, நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்றைச் செய்தவர்கள் உள்ளே ஈயப்பற்றிட்டுப் பொருத்தினர். பல ஆண்டுகள் கிடந்த பின் அம்மின்கலமே கசிகின்றது. கசிந்த காரநீர் செம்புத் தடங்களை அரித்துக் களிம்பேறச் செய்கின்றது. காவலுக்கு வைத்தவனே வீட்டை அழிப்பது போன்றது இது. வெளிப்பார்வைக்குப் புதுமெருகோடு விளங்கும் கருவி, உள்ளே நாள்தோறும் மாண்டுகொண்டிருத்தல் கூடும்.

ஆதலால், பழைய மடிக்கணினி வைத்திருப்போர் செய்யத்தக்கவை சில உள. உள்ளே எழுத்து ஏதேனும் இருக்குமாயின், முதற்கண் அதைப் படியெடுத்துக் கொள்ளல் வேண்டும். நினைவக மின்கலத்தை எடுத்தவுடன் அது மறைந்துவிடும். பின்னர்ப் பழுது நீக்கத் தெரிந்தவரைக் கொண்டு பழைய மின்கலத்தை அகற்றிப் புதியது இடலாம். கசிவு பட்ட இடத்தைச் சிறிது வினிகரால் துடைத்து, பின் தூய ஆல்கஹாலால் கழுவி உலர்த்தலாம். மின்தேக்கிகளும் கசியும் இயல்பின; அவற்றையும் பார்த்தல் நலம். சுவர் மின்சாரத்தில் இணைக்கும் மாற்றி 6 வோல்ட் உடையதாய், நடுமுனை எதிர்மின் முனையாய் இருத்தல் வேண்டும். பல மாற்றிகளில் இது தலைகீழாக இருப்பதால், பாராமல் செருகுவது கேடு. நெடுநாள் எடுத்துவைப்பதாயின், நான்கு மின்கலங்களையும் கழற்றிவிடுதல் தவறாத வழக்கமாதல் வேண்டும்.

ஒரு கருவியின் பெருமை, அது எத்தனை வேலை செய்யும் என்பதில் மட்டும் இல்லை. செய்யவேண்டிய ஒரு வேலையை எவ்வளவு செம்மையாகச் செய்யும் என்பதிலும் உண்டு. நான்கு சிறு மின்கலங்களில் 20 மணி நேரம் எழுத உதவும் அச்சிறு பெட்டியைச் செய்தவர்கள், இருப்பதைக் கொண்டு நிறைவாகச் செய்யும் கலையை அறிந்தவர்கள். அவர்கள் கைத்திறன் ஒரு சிறு கசிவினால் மறைந்துபோக விடுவது நமக்கு அழகன்று. உங்கள் பரணிலோ அலமாரியிலோ பழைய மடிக்கணினி ஒன்று உறங்கிக் கொண்டிருக்கலாம். எந்த நிறுவனம் செய்ததாயினும், அதைப் பழைய இரும்புக் கடைக்கு எடைபோடு முன், ஒருமுறை திறந்து பாருங்கள். அதற்கு இன்னும் வேலை இருக்கக்கூடும்.