தேயும் ரேகை, தேயாத பதிவு

மைசூருக்கு வடக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டரில், காவிரி இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொண்டு ஓடும் தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். சுற்றிலும் நெல்லும் கரும்பும். நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் உழைக்கிற கைகளில் ரேகை தேய்ந்துவிடும். இங்கென்று இல்லை, எந்த விவசாய ஊரின் ரேஷன் கடையிலும் ஆதார் ரேகையைச் சரிபார்க்கும் கருவி முன் நின்று ‘ரேகை விழலை’ என்ற சொல்லைக் கேட்டவர்கள் உண்டு.

கர்நாடகத்தில் ஆதார் பதிவு முதலில் தொடங்கிய மாவட்டங்கள் மைசூரும் தும்கூரும், ஆண்டு 2010. அன்று அதற்கென்று சட்டமே கிடையாது. 2009இல் பிறப்பித்த நிர்வாக ஆணை ஒன்றுதான் இருந்தது. கோடிக்கணக்கானோர் ரேகையும் கருவிழியும் கொடுத்து முடித்த பிறகு, 2016இல் சட்டம் வந்தது, அதுவும் மாநிலங்களவை தடுக்க முடியாத பண மசோதாவாக.

சட்டமில்லாத அந்த நாளிலேயே, 2012இல், ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அப்போது அவருக்கு வயது 86. அவர் வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டு ஐவர் அமர்வு, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில், ஆதாரை ஏற்றது. ஆனால் தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட 57ஆம் பிரிவை அந்த அளவுக்கு ரத்து செய்தது. ரேகை பொருந்தவில்லை என்று உரியவருக்குப் பலனை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. சட்டத்தைப் பண மசோதாவாக நிறைவேற்றியதே அரசியலமைப்பின் மீதான மோசடி என்று மாறுபட்டு எழுதினார் நீதிபதி சந்திரசூட். என் மனம் அவர் பக்கம்.

பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை என்ன செய்வது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகள் உடற்கூறு அடையாளங்களை உணர்திறன் மிக்க தகவல் என்று தனியே பிரித்து வைத்திருந்தன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவினையே இல்லை. அதன் கண்ணில் கைரேகையும் தொலைபேசி எண்ணும் ஒன்று. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் அது தாராளமாக இடம் வைத்திருக்கிறது.

எனக்குப் பெரிதாக உறுத்துவது வேறொன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, நிறுவனத்தின் அலட்சியத்தால் உணர்திறன் மிக்க தகவல் கசிந்து இழப்புக்கு ஆளானவருக்கு நஷ்டஈடு பெற வழி தந்தது. புதிய சட்டம் அதை நீக்குகிறது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அத்தனையும் அரசின் தொகுப்பு நிதிக்குத்தான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரேகையையோ முகப்பதிவையோ முறையின்றி எடுத்த நிறுவனத்தின் மீது பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். நஷ்டஈடு ஆயிரம் டாலரிலிருந்து தொடங்குகிறது. முகப்பதிவு வழக்கொன்றில் ஃபேஸ்புக் 65 கோடி டாலருக்கு இறங்கி வந்தது அந்தச் சட்டத்தால்தான். கரும்பு வெட்டுகிறவரின் ரேகை கசிந்தால் அவர் கைக்கு ஒரு ரூபாயாவது வரும்படி நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.