பசியை அடக்கும் புரதம்: உடல் பருமனுக்கும் புற்றுநோய்க்கும் நடுவே ஒரு கண்ணி

புதுதில்லி: சமையல் எண்ணெய்ப் பயன்பாட்டை 10 சதவீதம் குறைக்குமாறு 2025 பிப்ரவரியில் தனது வானொலி உரையில் பிரதமர் நரேந்திர மோடி மக்களைக் கேட்டுக்கொண்டார். அதே மாதம் தாக்கலான மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்க்கான பகல்நேர சிகிச்சை மையங்கள் அமைக்க வழிசெய்யப்படும் என நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். உடல் பருமனும் புற்றுநோயும் தனித்தனிப் பிரச்னைகளாகத் தோன்றலாம். ஆனால், இரண்டையும் இணைக்கும் கண்ணிகளை அறிவியல் உலகம் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து வருகிறது.

அவற்றுள் ஒன்று ஜிடிஎஃப்-15 எனும் புரதம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த சாமுவேல் பிரைட் குழுவினர் 1997-இல் இதனை அடையாளம் கண்டனர். செல்கள் நெருக்கடிக்கு உள்ளாகும்போது மிகுதியாகச் சுரக்கும் வளர்ச்சிக் காரணி இது. இங்கு நெருக்கடி என்பது மனக்கவலை அன்று. அழற்சி, திசுச் சேதம், செல்லுக்குள் ஆற்றல் உற்பத்தி பழுதடைதல் போன்றவையே.

புற்றுக் கட்டிகள் சுரக்கும் இப்புரதம் எலிகளின் பசியைக் குறைத்து, எடையிழப்பை ஏற்படுத்துவதை 2007-இல் அதே குழு நிரூபித்தது. பின்மூளையில் உள்ள ஓர் ஏற்பியின் வழியாகவே இது செயல்படுகிறது என்பதை 2017-இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் வெளியிட்டன.

பசியை அடக்கும் புரதம் என்றால், பருமனுக்கு மருந்தாகாதா? அந்த நம்பிக்கையில் மருந்து நிறுவனங்கள் இறங்கின. ஆனால், பருமனானவர்களின் ரத்தத்தில் இப்புரதம் ஏற்கெனவே கூடுதலாகவே காணப்படுகிறது. மனிதர்களிடம் நடந்த சோதனையில் எடைக் குறைவு சொற்பமே.

எதிர்த் திசையில் நடந்த முயற்சி பலன் தந்தது. புற்றுநோயால் உடல் மெலிந்த 187 பேரிடம், இப்புரதத்தைத் தடுக்கும் பான்செக்ரோமாப் என்ற மருந்து சோதிக்கப்பட்டது. 12 வாரங்களில், அதிக அளவு மருந்து பெற்றவர்களின் எடை, வெற்று ஊசி பெற்றவர்களைவிட சுமார் 2.8 கிலோ கூடியிருந்ததாக 2024-இல் முடிவுகள் வெளியாயின. எனினும், கட்டியின் வளர்ச்சியை இப்புரதம் தூண்டுகிறதா, தடுக்கிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் முரண்படுகின்றன.

பருமன் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பதில் அத்தகைய ஐயம் இல்லை. மிகுதியான உடல் கொழுப்புக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு உண்டு என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் அறிவித்தது. தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் அதிக எடை கொண்ட பெண்களின் விகிதம் 2005-06-இல் 12.6 சதவீதம், 2019-21-இல் 24 சதவீதம். அதே ஆய்வில், எடை குறைந்த பெண்கள் 18.7 சதவீதம். பருமனும் மெலிவும் ஒரே நாட்டில் அருகருகே நிற்கின்றன.

ஆகவே, கொள்கை வகுப்போருக்கு இரண்டு கடமைகள் உள்ளன. மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளுக்குக் கூடுதல் வரி, உறையின் முன்புறத்தில் கண்டிப்பான எச்சரிக்கைக் குறிப்பு ஆகியவற்றை 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே பரிந்துரைத்துள்ளது. அதனைச் செயல்படுத்துவது முதலாவது. மாவட்ட மையங்களில் மருந்தேற்றுவதோடு நின்றுவிடாமல், நோயாளியின் எடையையும் பசியையும் கண்காணித்து ஊட்டச்சத்துக்கு வழிசெய்வது இரண்டாவது. புதிய மருந்து எட்டாத ஏழை நோயாளிக்கும் ஓர் எடை பார்க்கும் கருவியும் ஒரு வேளை சத்துணவும் எட்டக்கூடியவையே.