பச்சை குத்தப் போகிறீர்களா? வலது கையை நீட்டாதீர்கள்!

பச்சை குத்திக்கொள்ள ஆசையா? தாராளமாகக் குத்திக்கொள்ளுங்கள். ஆனால் கடைக்காரர் முன்னால் உட்கார்ந்ததும் வலது கையை நீட்டாதீர்கள்!

இது சகுனமும் அல்ல, சோதிடமும் அல்ல. பிழைப்பு சம்பந்தப்பட்ட சங்கதி.

சி.ஆர்.பி.எப்., பி.எஸ்.எப்., சி.ஐ.எஸ்.எப். போன்ற மத்திய படைகளுக்குக் கான்ஸ்டபிள் எடுக்கும்போது டாக்டர்கள் உடம்பு முழுவதையும் பார்க்கிறார்கள். பச்சை இருந்தால், என்ன படம், எந்த இடம், எவ்வளவு பெரிது என்று மூன்றையும் கவனிக்கிறார்கள்.

சாமி படம், மத அடையாளம், பெயர் ஆகியவை இருக்கலாம். ஆனால் இடது முன்னங்கையின் உள்பக்கத்தில் இருக்கவேண்டும். வலது முன்னங்கை கூடாது. ஏன் தெரியுமா? அது சல்யூட் அடிக்கிற கை! புறங்கையில் இருந்தால் தப்பு இல்லை. அளவிலும் கட்டுப்பாடு உண்டு. அந்தப் பகுதியில் கால் பங்குக்கும் குறைவாக இருக்கவேண்டும்.

ராணுவத்தில் இரண்டு கைகளுமே சரி. ஆனால் முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை உள்பக்கம் மட்டும். அல்லது புறங்கை. தோள், மார்பு, கழுத்து, கால் எல்லாம் கூடாது. பழங்குடி மக்கள் தங்கள் வழக்கப்படி குத்திக்கொண்ட பச்சைக்கு மட்டும் விலக்கு உண்டு.

பரீட்சை எழுதி, ஓடிக் காட்டி, நெஞ்சு அளவு கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வருவதுதான் டாக்டர் பரிசோதனை. அங்கே போய்ச் சட்டையைக் கழற்றும்போது, தோளில் இருக்கும் சிங்கம் ஆளையே விழுங்கி விடும்!

அம்மா பெயர்

வடசென்னையில் ஒரு பச்சை குத்தும் கடைக்குப் போயிருந்தேன். ஏ.சி. அறை, சாய்வு நாற்காலி, சுவர் நிறையப் படங்கள்.

ஒரு வாலிபர் வந்தார். வயது 20 இருக்கும். கூடவே ஒரு நண்பர். வாலிபருக்கு அம்மா பெயரை வலது முன்னங்கையில் பெரிதாகக் குத்தவேண்டும். மேலே ஒரு கிரீடம், கீழே இரண்டு சிறகு.

நண்பர் சும்மா இருக்கவில்லை. "டேய், நீ கான்ஸ்டபிள் வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கே. ஞாபகம் இருக்கா?" என்று போட்டு உடைத்துவிட்டார்.

கடைக்காரர் மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, அப்போ ரைட் ஹேண்ட் வேணாம். லெப்ட்ல உள்பக்கம் போடலாம். கிரீடம், சிறகு எல்லாம் விட்டுடு. பேரு மட்டும்."

"பேரு மட்டும்னா சின்னதா இருக்குமே, அண்ணே?"

"சின்னதா இருந்தாத்தான் உனக்கு வேலை."

அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஸ்கேலை எடுத்து வாலிபரின் இடது முன்னங்கையை அளந்தார்கள். கால் பங்குக்கும் குறைவு என்றால் எவ்வளவு என்று பேனாவால் கோடு போட்டார்கள். ஐந்து எழுத்துப் பெயர் அதற்குள் அடங்கிவிட்டது.

சரி, குத்தவேண்டியதுதானே என்று நினைத்தால், அப்போது கிளம்பியது அடுத்த பிரச்சினை. பெயரில் வருவது சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?

ரேஷன் கார்டில் ஒரு மாதிரி இருந்தது. ஆதாரில் வேறு மாதிரி இருந்தது! இரண்டும் சர்க்கார் முத்திரை போட்டவைதான்.

வாலிபர் வீட்டுக்குப் போன் போட்டார். "அம்மா, உன் பேருல எந்த ர வரும்?" அந்தப் பக்கத்தில் இருந்து, "எதுக்குடா இப்ப கேக்குறே?" என்ற சத்தம் எனக்கே கேட்டது. போன் கட் ஆனது. யார் கட் செய்தது என்று நான் பார்க்கவில்லை.

கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். "உங்க அம்மாவையே ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லி எடுத்துட்டு வா. அந்தக் கையெழுத்தையே அப்படியே குத்திடறேன். தப்பும் இருக்காது, யார் கையிலேயும் இல்லாத டிசைனாவும் இருக்கும்."

யோசனை பிரமாதம். ஆனால் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி ஆகவேண்டுமே! வாலிபர் தலையைச் சொறிந்துகொண்டே படி இறங்கிப் போனார். அன்றைக்குக் கடைக்காரருக்கு ஒரு வரும்படி போச்சு. அப்படிப்பட்ட கடைக்காரரைத்தான் நம்பிக் கையைக் கொடுக்கலாம்.

பச்சை ஏன் பச்சை?

பச்சை குத்துவது இன்றைக்கு வந்த நாகரிகம் அல்ல. நம் பாட்டிகள் கையைப் பாருங்கள். புள்ளிக் கோலம், தேள், கூடப் பிறந்தவர் பெயர் என்று இருக்கும். ஊர் ஊராக வரும் குறத்திகள் திண்ணையில் உட்கார்ந்து ஊசியால் குத்தினார்கள். விளக்குக் கரிதான் மை. அதைப் பச்சிலைச் சாற்றில் குழைப்பார்கள்.

மை கறுப்புதான். ஆனால் தோலுக்கு அடியில் போனதும் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. வெளிச்சம் தோலுக்குள் சிதறுவதுதான் காரணம். பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது.

"நகை நட்டு எல்லாம் கழட்டிப்பாங்க. செத்தாக் கூட வர்றது இந்தப் பச்சை ஒண்ணுதான்" என்று பாட்டிகள் சொல்லுவார்கள்.

இப்போது கடைகளில் ஓடுவது கரண்டு மெஷின். நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் 1891-ம் ஆண்டு இதற்குக் காப்புரிமை வாங்கினார். எடிசன் கண்டுபிடித்த மின்சாரப் பேனாதான் அதற்கு முன்னோடி.

அரசியலும் இதை விடவில்லை. 1970-களில் எம்.ஜி.ஆர். கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். தொண்டர்கள் குத்திக்கொண்டார்கள். 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் 68-வது பிறந்த நாளை ஒட்டி, சென்னை வேளச்சேரியில் நூற்றுக்கணக்கானவர்கள் அவர் படத்தைக் கையில் குத்திக்கொண்டார்கள்.

அங்க அடையாளம்

என்னைப்போல் போலீஸ் செய்தி எழுதுகிறவர்களுக்குப் பச்சை என்றால் வேறு ஒன்று ஞாபகம் வரும்.

தண்டவாளத்தில் அடிபட்டுக் கிடக்கும் பிணம். சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. முகம் தெரியவில்லை. ரெயில்வே போலீசார் கொடுக்கும் குறிப்பில் ஒரு வரி இருக்கும்: "வலது கையில் இன்ன பெயர் பச்சை குத்தப்பட்டுள்ளது."

அந்த ஒரு வரியைப் பேப்பரில் படித்துவிட்டு ஆஸ்பத்திரி பிணவறைக்கு ஓடி வரும் குடும்பங்கள் உண்டு. காணாமல் போனவர் விளம்பரத்திலும் அதே வரிதான் வருகிறது.

திருடர்களுக்கும் இதே கதிதான். கண்காணிப்புக் காமிராவில் முகத்தை மூடிக்கொண்டு வருவான். கையில் இருக்கும் தேளை மறந்துவிடுவான்!

அதனால் கடையில் ஆயிரம் பேருக்குக் குத்திய படத்தையே நீங்களும் குத்திக்கொள்ளாதீர்கள். உங்களை ஊரில் பத்துப் பேரோடு சேர்த்துக் குழப்பிவிடும்.

எந்த இடம்?

நம் ஆட்கள் முதலில் படத்தைத்தான் தேடுகிறார்கள். இடத்தைக் கடையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தலைகீழ்! முதலில் இடம். அந்த இடம் எவ்வளவு அகலமோ, அதற்குத் தகுந்த படம்.

மேல் கையின் வெளிப்பக்கம், முன்னங்கை ஆகிய இடங்களில் வலி குறைவு. விலா, கணுக்கால், முதுகெலும்பு ஓரம் எல்லாம் எலும்புக்கு மேலே மெல்லிய தோல். உயிர் போகும். விரலிலும் உள்ளங்கையிலும் குத்தினால் சீக்கிரம் மங்கிவிடும். அங்கே தோல் தேய்ந்துகொண்டே இருக்கிறது. வயிற்றில் குத்தினால், தொந்தி போடும்போது படமும் சேர்ந்து விரியும்.

கல்லாவில் உட்காருகிறவர், ஆபீசில் வேலை பார்க்கிறவர் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். எது வரை சட்டை மறைக்கிறது? அதற்கு மேலே குத்தினால் உங்களுக்கு மட்டும் தெரியும். கீழே குத்தினால் மானேஜரில் இருந்து வருங்கால மாமனார் வரை எல்லாருக்கும் தெரியும். அவரவர் விருப்பம்!

ஆனால் மத்திய படை, ராணுவம் என்று ஆசை இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. சட்டை மறைக்கும் இடம்தான் அவர்களுக்கு ஆபத்து.

சாமி படம் என்றால் இடுப்புக்குக் கீழே வேண்டாம். 2015 அக்டோபரில் ஓர் ஆஸ்திரேலிய வாலிபர் காலில் எல்லம்மா படத்துடன் பெங்களூர் ஓட்டலுக்குச் சாப்பிடப் போனார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. விவகாரம் போலீஸ் நிலையம் வரை போனது. பக்கத்து நாட்டிலும் ஒரு சம்பவம் உண்டு. 2014-ல் கையில் புத்தர் படத்துடன் கொழும்பு விமான நிலையத்தில் இறங்கிய பிரிட்டன் பெண்ணைக் கைது செய்து திருப்பி அனுப்பினார்கள். 2017-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அது வேறு விஷயம்.

காதலி பெயர்

காதலி பெயரைக் குத்தலாமா என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?

ஒன்று மட்டும் சொல்லலாம். பெயரை அழிக்க வருகிறவர்களுக்குக் கடைக்காரர் சுலபமாகச் செய்வது, அதன் மேலேயே வேறு படம் குத்துவதுதான். 'கவர் அப்' என்பார்கள். பழைய மை தெரியாமல் இருக்க, புதுப் படம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெரிதாகவும் கறுப்பாகவும் இருந்தாகவேண்டும். மூன்று எழுத்துப் பெயர் ஒரு கழுகு ஆகிவிடும். கால் பங்குக் கணக்கும் போச்சு!

லேசர் வைத்தும் அழிக்கலாம். ஒரே நாளில் போகாது. ஆறு, எட்டு வாரம் இடைவெளி விட்டுப் பல தடவை போகவேண்டும். கறுப்பு மை ஓரளவு போகும். பச்சை, மஞ்சள் பிடிவாதம் பிடிக்கும்.

மை ஏன் போவது இல்லை? ஊசி அதைத் தோலின் இரண்டாவது அடுக்கில் கொண்டுபோய் விடுகிறது. உடம்பின் காவல்கார அணுக்கள் ஓடி வந்து மையை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. ஓர் அணு செத்தால், அது விட்ட மையைப் பக்கத்து அணு வாங்கிக்கொள்கிறது. பிரான்சு விஞ்ஞானிகள் எலிகளை வைத்து இதை 2018-ல் கண்டுபிடித்தார்கள்.

நாள் ஆக ஆக மை கொஞ்சம் பரவும். அரிசியில் பெயர் எழுதுகிற மாதிரி பொடிப் பொடியாக எழுதினால் பத்து வருஷத்தில் ஒரே தீற்றல்தான் மிஞ்சும். தமிழில் சுழியும் புள்ளியும் அதிகம். 'ண'வின் சுழிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். எழுத்துக்கு நடுவே காற்று போக இடம் விடுங்கள். மாநிறம், கறுப்பு உடம்புக்கு மஞ்சளும் வெளிர் நிறங்களும் எடுப்பதில்லை. கறுப்பு மைதான் நிற்கும்.

முடிவு செய்துவிட்டீர்களா? படத்தைக் காகிதத்தில் அதே அளவுக்கு அச்சடித்து பீரோ கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். ஒரு மாதம் ஆன பிறகும் அலுக்கவில்லை என்றால் கடைக்குப் போங்கள்.

குத்துவதற்கு முன்னால் ஊதா நிற அச்சைத் தோலில் ஒட்டுவார்கள். கையை மேஜை மேல் வைத்த நிலையிலேயே பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். எழுந்து நின்று கையைத் தொங்க விடுங்கள். நேராகத் தெரிந்தது கோணலாகத் தெரியும். அழித்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். அச்சு அழியும். கோபித்துக்கொள்கிற கடை உங்களுக்கு வேண்டாம்.

ஊசியைப் பாருங்கள்

உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கவேண்டும். மையைப் புதுக் குப்பியில் ஊற்றவேண்டும். கையுறை புதிது போடவேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியை அடுத்தவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் தொற்றும். கடற்கரையிலும் திருவிழாவிலும் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்துகிறார்களே, அங்கே குழந்தை கையை நீட்டிவிடாதீர்கள்.

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு பச்சை குத்தும் கடையில் நாக்கையே பிளந்துவிட்டார்கள். போலீசார் இருவரைக் கைது செய்தார்கள். கடைக்கு சீல் வைக்கப்பட்டது. கத்தியைக் கையில் எடுக்கிறவர் டாக்டராக இருக்கவேண்டும். பச்சைக் கடையில் ஊசிக்கு மேல் வேறு ஒன்றுக்கும் சம்மதிக்காதீர்கள்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். காயம் பட்டால் தழும்பு தடித்துப் புடைக்கும் உடம்புக்காரர்கள் பச்சை ஆசையையே விட்டுவிடுவது நல்லது.

ரத்த தானம் செய்கிற பழக்கம் இருந்தால் முதலில் தானம் கொடுத்துவிட்டு, பிறகு பச்சைக்குப் போங்கள். குத்திய நாளில் இருந்து ஓராண்டுக்கு உங்கள் ரத்தத்தை எடுக்க மாட்டார்கள்.

குத்திய பிறகு இரண்டு மூன்று வாரம் காயம் ஆறவேண்டும். அது வரை கடலில், நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது. வெயில் படக் கூடாது. பொருக்கு வந்து அரிக்கும். நகத்தால் பிய்த்தால் மையும் சேர்ந்து வரும். கூட்டமான பஸ்சில் புதுப் பச்சைக் கையோடு கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.