தெருவில் எடுத்த குட்டிக்குப் பூச்சி மருந்து: ஒரு தடவை கொடுத்தால் போதுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், டீக்கடை ஓரம் கிடக்கும் நாய்க்குட்டியை அறைக்குத் தூக்கி வருபவர்கள் உண்டு. பால், பிஸ்கட் கொடுத்தும் சில குட்டிகள் தேறாது. வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருக்கும். "நல்லா சாப்பிடுது, அதான் தொப்பை" என்று நினைத்துவிடுவோம். பல நேரம் அது குடற்புழு.

பிறந்து சில வாரம்தானே ஆச்சு, அதற்குள் எப்படி?

தாயிடமிருந்தே வரும். தாய் நாயின் உடலில் உறங்கிக் கிடக்கும் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள், சினைக் காலத்தில் விழித்துக் கருவில் இருக்கும் குட்டிக்குள் போய்விடும். கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். பூனைக்குட்டிக்கு உருண்டைப்புழுவே பால் வழியாகத்தான் வருகிறது. அதனால் வீட்டில் பிறந்த குட்டிக்கும் மருந்து வேண்டும்.

ஒரு டோஸ் போதாதா?

போதாது. பெரும்பாலான மருந்துகள் அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். ஈரல், நுரையீரல் என்று சுற்றிக்கொண்டிருக்கும் இளம்புழுக்கள் தப்பித்து, பிறகு குடலுக்கு வந்து சேரும்.

வழக்கமான அட்டவணை இது: நாய்க்குட்டிக்கு 2 வாரத்திலும், பூனைக்குட்டிக்கு 3 வாரத்திலும் தொடங்கி, 3 மாதம் வரை 15 நாளுக்கு ஒருமுறை. 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. அதன்பின் 3 மாதத்துக்கு ஒருமுறை.

அளவை எடைதான் தீர்மானிக்கும். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், பிறகு நீங்கள் மட்டும் பாருங்கள். வித்தியாசம்தான் குட்டியின் எடை. அதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லி மருந்து வாங்குங்கள். குழந்தைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். அது நாய், பூனையின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கலாம்.

நமக்கும் வருமா?

வரும். உருண்டைப்புழு முட்டை மண்ணில் 2 முதல் 4 வாரத்தில் தொற்றும் நிலைக்கு வரும். மண்ணில் விளையாடிய கையைக் குழந்தை வாயில் வைத்தால் உள்ளே போய்விடும். அபூர்வமாகக் கண் பார்வையையும் பாதிக்கலாம். கொக்கிப்புழு இளம்புழு வெறுங்காலில் தோல் வழியாக நுழைந்து, வளைந்து வளைந்து ஓடும் சிவந்த அரிப்புக் கோடுகளை உண்டாக்கும். அதற்கு ஈர மண் ரொம்பப் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. கழிவை அன்றன்றே அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உண்ணி, தெள்ளுப்பூச்சி?

தெள்ளுப்பூச்சியை நாயோ பூனையோ கடித்து விழுங்கினால் நாடாப்புழு வரும். மலத்தில் அரிசி மாதிரி துண்டுகள் தெரிந்தால் அதுதான். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்பத் திரும்ப வரும். நாய் உண்ணி சுவர் விரிசலில் முட்டையிடும், எர்லிக்கியா காய்ச்சலையும் பரப்பும். நாயோடு சேர்த்து அறையையும் சுத்தம் செய்யுங்கள். ஆனால் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும், உயிரே போகலாம்.

எப்போது ஓட வேண்டும்?

ஈறு வெளுத்து, மலம் கறுத்து, குட்டி சோர்ந்து படுத்தால் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சுவதாக இருக்கலாம். "ஷிப்ட் முடியட்டும்" என்று காத்திருக்காமல், அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள்.

அடுத்த டோஸ் தேதியை இப்போதே போன் காலண்டரில் போட்டு வையுங்கள். முதல் மாத்திரையைப் பலரும் கொடுத்துவிடுகிறார்கள். மறந்துபோவது இரண்டாவதைத்தான்.